துப்பாக்கி துடைக்கும் எண்ணெயும் அதனுள் உறையும் கேடும்

தேர்தல் அறிவிப்பு வெளியானவுடன், உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்போர் பெரும்பாலும் அதனைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துச் சீட்டுப் பெற்றுக்கொள்வது நம் நாட்டில் வழக்கமாகிவிட்ட நடைமுறை. வாக்கெண்ணிக்கை முடிந்தபின் அது வீடு திரும்பும். திரும்பும் துப்பாக்கி பல நேரங்களில் தனியே வருவதில்லை. குழலின் வாயில் செம்மண் பூசினாற்போல ஒரு மெல்லிய துருப்படலமும் உடன் வரும். மலையடிவாரத் தோப்புகளில் காட்டுப்பன்றிக்கு அஞ்சித் துப்பாக்கி வைத்திருக்கும் உழவர் ஒருவர் அதனைக் கண்டதும் என்ன செய்வார்? வண்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுப்பார்; பழைய துணியைத் தேடுவார்; திண்ணையில் அமர்ந்து துடைக்கத் தொடங்குவார்.

என் இளமைக் காலத்தில் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் இவ்வாறுதான் செய்தார். திண்ணைக்குப் பதிலாகக் கொல்லைப்புறத்தைத் தேர்ந்தார். அஃது ஒன்றே வேற்றுமை. அலுமினியத் தட்டு ஒன்றில் பெட்ரோல். அவருக்குப் பத்தடி தள்ளி, வெந்நீர் அடுப்பில் விறகு கனன்றுகொண்டிருந்தது. அடுப்பு தொலைவில்தானே இருக்கிறது என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். திடீரெனத் தரையோடு தரையாக நீலச் சுடர் ஒன்று பாம்புபோல் ஓடி வந்ததைக் கண்டதாகப் பின்னர் அவரே சொன்னார். தீ அவரிடமிருந்து அடுப்பிற்குச் செல்லவில்லை. அடுப்பிலிருந்து அவரை நாடி வந்தது. இரு கால்களிலும் கணுக்கால் முதல் முழங்கால் வரை வெந்துபோயின. துப்பாக்கிக்கு ஒரு சேதமும் இல்லை.

துப்பாக்கியின் கேடு தோட்டாவில் மட்டுமே உள்ளது என நாம் கருதுகிறோம். அதனைத் துடைக்கும் எண்ணெயிலும் கரைப்பானிலும் உறையும் கேட்டைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அதனைச் சற்று விரிவாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். துப்பாக்கி இல்லாத இல்லத்தாருக்கும் இதில் பயனுண்டு. ஏனெனில் இதே நீர்மங்களைக் கொண்டுதான் நாம் மிதிவண்டிச் சங்கிலியைத் துடைக்கிறோம், சட்டைக் கறையைப் போக்குகிறோம், வண்ணப்பூச்சுத் தூரிகையைக் கழுவுகிறோம்.

தமிழ்த்துறை மலரில் எழுதும்போது சொல்லாராய்ச்சியை விட்டுவிட மனம் வரவில்லை. துப்பாக்கி என்பது துருக்கி மொழியிலிருந்து நமக்கு வந்த சொல். திருக்குறளில் மழையைப் போற்றும் அதிகாரத்தில் இதே ஒலி வருவதால், வள்ளுவர் காலத்திலேயே துப்பாக்கி இருந்தது என்று வகுப்பில் வேடிக்கை பேசும் மாணவர் இன்றும் உண்டு. அங்கு அது உணவைக் குறிக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

குழலில் படிவது யாது?

எதைத் துடைக்கிறோம் என்றறியாமல் எதனால் துடைப்பது என்று முடிவு செய்ய இயலாது. பழைய கரிமருந்து எரியும்போது அதில் பாதிக்கு மேற்பட்ட பகுதி புகையாகாமல் திண்மப் பொருளாகவே எஞ்சும். பொட்டாசியத்தின் உப்புகளும் கந்தகச் சேர்மங்களும் அதில் மிகுதி. இவை நீரில் கரைவன. எனவே வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு வெந்நீரும் சவர்க்காரமுமே தலைசிறந்த மருந்து. பெட்ரோல் அங்கு எப்பயனும் தராது. கழுவும்போது அழுகிய முட்டை நாற்றம் எழுவது ஹைட்ரஜன் சல்பைடு வளியால். ஆகவே அதனையும் திறந்த வெளியிலேயே செய்தல் வேண்டும்.

1884இல் பிரான்சு நாட்டின் பால் வியேல் புகையிலா வெடிமருந்தை உருவாக்கிய பிறகு நிலைமை மாறியது. இப்போது குழலில் படிவன கரிப்பசை, தோட்டாவின் ஈயம், அதன்மேற் போர்த்திய செம்பு ஆகியவை. இவற்றை நீர் கரைக்காது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தைச் சேர்ந்த ஃபிராங்க் ஆகஸ்ட் ஹாப்பி என்பார் 1903இல் இதற்கெனவே ஒரு கரைப்பானை உருவாக்கினார். 'ஹாப்பி'ஸ் எண் 9' என்னும் அது இன்றும் விற்பனையில் உள்ளது. வாழைப்பழத்தை ஒத்த மணமுடைய அமைல் அசிட்டேட்டு அதில் கலந்துள்ளது. தந்தையோடு அமர்ந்து துப்பாக்கி துடைத்த நாள்களை அம்மணம் நினைவூட்டுவதாக அந்நாட்டு முதியோர் உருகிப் பேசுவர். ஏறத்தாழப் பத்தில் நான்கு இல்லங்களில் துப்பாக்கி உள்ள நாடு அது. அங்கு உணவு மேசையே துடைக்கும் மேசை. அருகில் அடுப்பு, காலடியில் குழந்தை. மணம் இனிதாயிருப்பதால் பொருள் தீங்கற்றது என்னும் மயக்கம் அங்கிருந்தே தொடங்குகிறது.

ஆவியின் ஓட்டம்

நீர்மம் எரிவதில்லை, அதன் ஆவியே எரிகிறது. எந்த வெப்பநிலையில் ஒரு நீர்மம் பற்றிக்கொள்ளப் போதுமான ஆவியை வெளியிடுகிறதோ அதுவே அதன் தீப்பற்று நிலை. மண்ணெண்ணெய்க்கு அது ஏறத்தாழ 38 பாகை செல்சியசு அல்லது அதற்கு மேல். அசிட்டோனுக்குச் சுழிக்குக் கீழ் 20 பாகை. பெட்ரோலுக்கோ சுழிக்குக் கீழ் 40 பாகை அளவு. பனி உறையும் நாட்டில்கூடப் பெட்ரோல் தீக்குத் தயாராகவே இருக்கிறது எனில், சித்திரை வெயிலில் நம் கொல்லைப்புறத்தில் அதன் நிலை என்ன? மண்ணெண்ணெயைக்கூட நம் கோடை அதன் எல்லைக்கு மேலே கொண்டுசென்றுவிடுகிறது என்பதை மறவாதிருத்தல் நலம்.

இன்னுமொன்று. பெட்ரோலின் ஆவி காற்றைவிட மும்மடங்கு முதல் நான்மடங்கு கனமானது. அது மேலெழுந்து கலைந்துபோவதில்லை. தண்ணீர் போலத் தாழ்ந்து, தரையிற் படர்ந்து, பள்ளம் நோக்கி ஊர்ந்து செல்கிறது. எங்கோ ஓரிடத்தில் அடுப்போ, விளக்கோ, மின்விசைப் பொத்தானின் பொறியோ அதனைத் தொடுமாயின், வந்த வழியே சுடர் திரும்பி ஓடும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி இருந்தாலே அது பற்றிக்கொள்ளும். எங்கள் பெரியவரைத் தேடி வந்த நீலச் சுடரின் இரகசியம் இதுவே.

நாசி வழியும் தோல் வழியும்

தீ உடனே தன்னைக் காட்டிக்கொள்ளும். காலந்தாழ்த்திக் காட்டும் பகைவரைப் பற்றியே நாம் மிகுதியும் கவலைப்பட வேண்டும்.

பெட்ரோலில் இயல்பாகவே சிறிதளவு பென்சீன் உண்டு. நம் நாட்டில் அதன் அளவு இப்போது நூற்றுக்கு ஒரு பங்கிற்கு மிகாமல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. 1825இல் மைக்கேல் ஃபாரடே பிரித்தறிந்த பொருள் இது. நெடுங்காலம் இதனைத் தூய கரைப்பானாகவே கருதினர். பசைகளிலும் துப்புரவு நீர்மங்களிலும் தாராளமாகக் கலந்தனர். எலும்பு மச்சையில் குருதி உருவாகும் இடத்தையே இது தாக்குகிறது என்பதை உலகிற்கு உரக்கச் சொன்னவர்களுள் துருக்கி நாட்டு மருத்துவர் முசாஃபர் அக்சோய் ஒருவர். இசுதான்புல் நகரின் சிறு பட்டறைகளில் பென்சீன் கலந்த பசையைக் கொண்டு காலணி தைத்த தொழிலாளரிடையே குருதிப் புற்றுநோய் மிகுந்திருப்பதை 1970களில் அவர் எடுத்துக்காட்டினார். காற்றோட்டமில்லாத சிறு அறை, வெறுங்கை, நாள்தோறும் அதே பணி. நோய்க்கு வேறு துணை தேவைப்படவில்லை.

கார்பன் டெட்ராகுளோரைடு என்பது மற்றொன்று. இது தீப்பற்றாது என்பதால் பெட்ரோலைவிடப் பாதுகாப்பானது என்று கருதித் துணி வெளுப்போரும் எந்திரம் துடைப்போரும் விரும்பிப் பயன்படுத்தினர்; தீயணைப்புக் கருவியிலும் அடைத்தனர். கல்லீரலுக்குள் சென்றதும் இம்மூலக்கூறு உடைந்து, அருகிலுள்ள உயிரணுக்களைச் சிதைக்கும் துண்டாக மாறுகிறது. சிறுநீரகமும் தப்புவதில்லை. மது அருந்தும் பழக்கமுடையோருக்குத் தீங்கு பன்மடங்காகும். 1970இல் அமெரிக்க அரசு இல்லப் பயன்பாட்டிலிருந்து இதனை நீக்கியது. ஆயினும் பழைய பட்டறைகளின் மூலைகளில் பெயர்ச்சீட்டு உதிர்ந்த புட்டிகளில் இது கிடப்பதற்கில்லை என்று உறுதி கூற யாராலும் இயலாது.

அதன் இடத்தைப் பிடித்த டிரைகுளோரோஎத்திலீன், டெட்ராகுளோரோஎத்திலீன் ஆகியவையும் குளோரின் குடும்பத்தவையே. ஊர்திகளின் தடைக்கட்டையைத் துடைப்பதற்கென்று குப்பிகளில் விற்கப்படும் தெளிப்பான்களில் இவை இருந்தன. விலை மலிவு, நொடியில் உலர்ந்துவிடும் என்று துப்பாக்கி வைத்திருப்போரும் அவற்றை வாங்கித் தெளித்தனர். டிரைகுளோரோஎத்திலீன் சிறுநீரகப் புற்றுநோய்க்குக் காரணமாவது உறுதிப்பட்டுள்ளது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில் இவ்விரண்டையும் இல்லத்தார் பயன்பாட்டிலிருந்து விலக்கும் விதிகளை வெளியிட்டது. குளோரின் கலந்த கரைப்பான்களின் ஆவி தீச்சுடரையோ பழுக்கக் காய்ந்த இரும்பையோ தொட்டால் பாஸ்ஜீன் வளி தோன்றும். முதல் உலகப் போரில் படைவீரரைக் கொல்ல 1915 முதல் ஏவப்பட்ட நச்சு வளி அதுவேதான். தீப்பற்றாத கரைப்பான் என்று நம்பிப் புகைத்துக்கொண்டே துடைப்பவர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குளோரின் வேண்டாம் என்று ஒதுக்கிய இடங்களில் எக்சேன் புகுந்தது. கலிபோர்னியாவில் ஊர்தி பழுதுபார்க்கும் இளைஞர் சிலருக்குக் கைகால் விரல்கள் மரத்துப்போய், நடை தளர்ந்தது. எக்சேனும் அசிட்டோனும் கலந்த துடைப்புத் தெளிப்பானே காரணம் என 2001இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நடுவம் அறிவித்தது. எக்சேன் உடலினுள் மாற்றமடைந்து நரம்பின் நீண்ட இழைகளை நலிவிக்கிறது. அசிட்டோன் உடனிருந்தால் அந்நலிவு கூடுகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே பொறுக்கக்கூடியதாயினும் கூட்டுச் சேர்ந்தால் கொடியவை ஆவது மனிதரிடையே மட்டும் காணும் இயல்பன்று போலும்.

செம்புப் படிவைக் கரைக்க அம்மோனியா கலந்த நீர்மங்கள் உண்டு. துணி அழகிய நீலமாக மாறினால் செம்பு கரைகிறது என்று பொருள். கண்ணும் தொண்டையும் எரிந்தால் நீங்கள் அதனைச் சுவாசிக்கிறீர்கள் என்று பொருள். அதனைக் கழுவிய வாளியில் வெளுப்புத்தூளைப் போட்டுவிடலாகாது. இரண்டும் கூடி நுரையீரலை அரிக்கும் குளோரமீன் வளி எழும்.

ஈயம் என்னும் ஊமைப் பகை

தோட்டாவின் அடியில் விசைமுள் தட்டும் சிறு கிண்ணத்தில் ஈயச் சேர்மமும் பேரியச் சேர்மமும் ஆண்டிமனி சல்பைடும் உள்ளன. இந்த ஆண்டிமனி சல்பைடைப் பொடித்ததைத்தான் அரபியர் 'அல்குஹ்ல்' என்றனர். நுண்ணிய சாரம் எதனையும் அச்சொல் பிற்காலத்தில் குறிக்கத் தொடங்கி, இறுதியில் ஆல்கஹாலுக்குப் பெயராயிற்று. கண்ணுக்கு இடும் சுருமாவும் அதன் வழிவந்ததே. ஆனால் இன்று கடைகளில் விற்கும் சுருமா பலவற்றில் ஆண்டிமனிக்குப் பதில் ஈய சல்பைடே இருப்பது ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது. கைக்குழந்தையின் கண்ணுக்கு அதனை இடும் தாய்மார் இதனைக் கேட்டுக்கொள்ளட்டும்.

சுடும்போது ஆவியான ஈயம் குழலினுள்ளும் விசைப்பகுதியிலும் கரியோடு கரியாகப் படிகிறது. கரைப்பான் ஊற்றித் துடைக்கும்போது அது துணிக்கும், துணியிலிருந்து விரலுக்கும், விரலிலிருந்து சோற்றுக்கும் செல்கிறது. பெரியவர் தாங்கிக்கொள்ளும் அளவைத் தவழும் குழந்தை தாங்காது. ஒரு டெசிலிட்டர் குருதியில் 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே அக்குழந்தையைக் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நடுவம் 2021இல் எல்லையைத் தாழ்த்தியது. குழந்தையின் மூளைக்குத் தீங்கற்ற ஈய அளவு என ஒன்று இல்லை. அறிவு மழுங்குகிறது, காரணம் தெரியாமல் படிப்பில் மந்தம் என்று பிள்ளையைக் கடிந்துகொள்கிறோம்.

இவ்விடத்தில் ஒரு கைமருத்துவத்தைக் கண்டித்தாக வேண்டும். சமையல் வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சமமாகக் கலந்து, ஈயம் படிந்த பகுதியை அதில் ஊறவைத்தால் ஈயம் தானே கழன்றுவிடும் என்று துப்பாக்கி ஆர்வலர் தமக்குள் சொல்லிக்கொள்வர். சொல்வது பொய்யன்று, ஈயம் கழன்றுவிடும். எங்கே போகிறது என்பதே கேள்வி. உலோக ஈயம் எளிதில் நீரில் கரையாது. வினிகரின் அமிலத்தோடு சேர்ந்ததும் அது ஈய அசிட்டேட்டாகி நீரில் முழுமையாகக் கரைகிறது. இனிப்புச் சுவையுடையதாதலின் ஈயச் சர்க்கரை என்பது அதன் பழம்பெயர். வயிற்றிலும் விரைந்து ஏறும். ஓரளவு தோல் வழியும் புகும். வினிகரும் பெராக்சைடும் வீட்டிலுள்ள சாதாரணப் பொருள்கள், அவற்றால் என்ன வந்துவிடும் என்று எண்ணிச் சமையலறைக் கிண்ணத்திலேயே இதனைச் செய்து, கழிவைத் தொட்டியில் ஊற்றுவோர் உளர். பெட்ரோலைக் கண்டு அஞ்சுவோரும் இதனைக் கண்டு அஞ்சுவதில்லை என்பதால், எல்லாவற்றினும் இது கொடியது என்பேன்.

துடைத்த துணி

பணி முடிந்தது, துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தாயிற்று. அங்கும் கேடு முடிவதில்லை. துப்பாக்கியின் மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவது பழைய வழக்கம். அவ்வெண்ணெய் உலரும்போது காற்றிலுள்ள ஆக்சிசனை ஏற்று வெப்பத்தை வெளியிடும். விரித்துக் காயப்போட்ட துணியில் அவ்வெப்பம் கலைந்துபோகும். சுருட்டிய துணியிலோ வெளியேற வழியின்றித் திரண்டு, யாரும் கொளுத்தாமலே தீயாகும். பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்னும் 38 மாடிக் கட்டடம் 1991 பெப்ரவரி 23ஆம் நாள் இரவு தீக்கிரையானது. 22ஆம் மாடியில் மரச்சுவருக்கு எண்ணெய் பூசியோர் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகளே காரணம். தீயணைப்பு வீரர் மூவர் மாண்டனர்.

எஞ்சிய கரைப்பானைச் சாக்கடையில் ஊற்றுவதும் அத்தகையதே. மெக்சிகோவின் குவாதலகாரா நகரில் 1992 ஏப்ரல் 22 அன்று, கழிவுநீர்க் குழாயில் கசிந்து தேங்கிய பெட்ரோலின் ஆவி வெடித்துத் தெருக்கள் நெடுகப் பிளந்தன. 200க்கு மேற்பட்டோர் இறந்தனர். நாம் ஊற்றுவது ஒரு குவளைதான். ஆயினும் ஆவி தாழ்ந்து ஓடும் என்னும் இயல்பு குவளைக்கும் பொருந்தும்.

செய்யத்தக்கவை

தேசிய மாணவர் படையில் பயின்றோர்க்கு முதற்பாடம் நினைவிருக்கும்: கையில் எடுத்தவுடன் துப்பாக்கி காலியா என்று கண்ணால் பார், விரலால் தடவு. வீட்டிலும் அதுவே தொடக்கம். தோட்டாக்கள் வேறோர் அறையில் இருக்கட்டும். துடைக்கும்போது வெடித்து இறந்தார் என்னும் செய்திகள் இன்றும் வருகின்றன. மேலும், கரைப்பான் கசிந்து புகுந்த தோட்டா வேளையில் வெடிக்காமல் ஏமாற்றும்.

இடம் திறந்த வெளியாகவும் அடுப்பு, விளக்கு, புகையிலைச் சுருட்டு இவை எட்டாததாகவும் இருத்தல் வேண்டும். பெட்ரோலும் தின்னரும் வேண்டவே வேண்டா. கரிமருந்துக்கு வெந்நீர், மற்றவற்றிற்குத் துப்பாக்கிக்கென விற்கும் எண்ணெய், அதுவும் புட்டியின்மேல் உள்ள எழுத்துகளைப் படித்த பின். சுரண்டும் பணியில் பெரும்பகுதியைப் பித்தளைத் தூரிகையே செய்துவிடும். எண்ணெய் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவாகவே தேவைப்படும். கையுறை நைட்ரைல் வகையாக இருக்கட்டும். மருத்துவமனைகளில் காணும் இயற்கை இரப்பர் உறை பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ஊறி உப்பி, கசியவிட்டுவிடும். பணி முடிந்ததும் உணவைத் தொடுமுன் சவர்க்காரமிட்டுக் கை கழுவி, உடையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். எண்ணெய்த் துணியை வெளியில் விரித்து உலர்த்தலாம். அல்லது நீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் இடலாம்.

மண்ணெண்ணெயைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றிவைக்கும் வழக்கத்தை மட்டும் எந்நிலையிலும் மன்னிக்க இயலாது. நம் நாட்டு மருத்துவமனைகளுக்கு நஞ்சுண்டு வரும் குழந்தைகளுள் மண்ணெண்ணெய் குடித்த குழந்தைகள் பலர். குடித்த குழந்தையை வாந்தியெடுக்க வைக்கலாகாது. வயிற்றில் இருக்கும் எண்ணெய் செய்வதைவிட, வாந்தியின்போது மூச்சுக்குழலில் இறங்கும் சிறு துளி நுரையீரலுக்குச் செய்யும் தீங்கு பெரிது. உப்புநீர் புகட்டாமல், விரலைத் தொண்டையில் விடாமல், புட்டியையும் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எங்கள் பெரியவர் நாற்பது நாள் படுத்திருந்து எழுந்தார். அதன்பின் அவர் துப்பாக்கி துடைத்த நாள்களிலெல்லாம், அண்டை வீட்டாரையும் சேர்த்து, அடுப்பை அணைத்துவிட்டீர்களா என்று இருமுறை கேட்டுவிட்டே துணியை எடுப்பார். சிறுவர்களாகிய நாங்கள் அதனைப் பார்த்துச் சிரித்ததுண்டு.